கலெக்டர் வேலையை உதறிய ஒலிம்பிக் கேப்டன்... ஜெய்பால் சிங் முண்டாவைத் தெரியுமா?

படிப்பா, விளையாட்டா? நம்ம ஊர் வீடுகள்ல பத்தாம் வகுப்பு வந்ததும் தவறாம எழும் கேள்வி இது. மட்டையும் ஷூவும் பரண் மேல போகும், ட்யூஷன் நோட்டு மேசைக்கு வரும். ரெண்டையும் ஒண்ணா இழுத்துட்டுப் போக முடியாதுன்னு நம்ம எல்லாருக்கும் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்காங்க.

சுமார் 100 வருஷத்துக்கு முன்னாடி ஒரு இளைஞர் ரெண்டையும் சேர்த்தே செய்தார். அதுவும் எங்கே? ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில். பொருளாதாரத்தில் ஹானர்ஸ் பட்டம், ஹாக்கியில் பல்கலைக்கழகத்தின் உச்சபட்ச கௌரவம், அன்றைய இந்தியாவின் மிகப்பெரிய அரசு வேலையான ஐ.சி.எஸ்ஸுக்குத் தேர்வு... எல்லாம் 25 வயசுக்குள்ள. பிறகு அந்த வேலையா, ஒலிம்பிக்கா என்று ஒரு நாள் கேள்வி வந்தபோது அவர் எடுத்த முடிவுதான் இந்தக் கதையின் முதல் திருப்பம்.

அவர் பெயர் ஜெய்பால் சிங் முண்டா. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாகத் தங்கம் வென்றதே, அந்த ஹாக்கி அணியின் கேப்டன். தயான் சந்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தயான் சந்தின் கேப்டனை எத்தனை பேருக்குத் தெரியும்?

மாடு மேய்த்த கிராமத்திலிருந்து...

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் குந்தி மாவட்டம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே டக்ரா என்ற முண்டா பழங்குடி கிராமம். 1903 ஜனவரி 3-ம் தேதி ஜெய்பால் பிறந்தது அங்கேதான். வீட்டில் அவருக்கு வைத்த பெயர் பிரமோத் பாஹன். பள்ளிக்கூடம் போன பிறகுதான் ஜெய்பால் சிங் ஆனார்.

அவர் பிறந்த காலத்தையும் இடத்தையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பிர்சா முண்டா தலைமையில் அந்த மண்ணின் பழங்குடி மக்கள் ஆங்கிலேய ஆட்சிக்கும் நில முதலாளிகளுக்கும் எதிராக வில்லும் அம்பும் ஏந்திப் போராடியது 1899 - 1900-ல். பிர்சா ராஞ்சி சிறையில் இறந்தது 1900 ஜூனில். ஜெய்பால் பிறந்தபோது அந்தக் காயம் ஆறவே இல்லை. மூன்று வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

கிராமத்துப் பிள்ளைகளோடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனை ராஞ்சியில் இருந்த செயின்ட் பால்ஸ் பள்ளியில் சேர்த்தார்கள். கிறிஸ்தவ மிஷனரிகள் நடத்திய பள்ளி அது. படிப்பிலும் சூட்டிகை, மைதானத்திலும் சூட்டிகை. மட்டையைக் கையில் எடுத்தால் பையன் வேற மாதிரி ஆடுகிறான் என்பது பள்ளியின் தலைமை ஆசிரியர் கேனன் காஸ்கிரேவ் கண்ணில் பட்டது. பணி முடிந்து அவர் இங்கிலாந்து திரும்பியபோது, ஜெய்பாலையும் மேல்படிப்புக்காகக் கூடவே அழைத்துப்போனார்.

காட்டோரக் கிராமத்தில் வளர்ந்த பையன் முதலில் கேன்டர்பரி நகரில் ஒரு கல்லூரி, பிறகு ஆக்ஸ்போர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி என்று போய்ச் சேர்ந்தது இப்படித்தான். இதில் அதிர்ஷ்டமும் இருக்கிறது, அடுத்தவர் தயவும் இருக்கிறது. ஆனா, கதவைத் திறந்துவிட மட்டும்தான் அடுத்தவரால முடியும். உள்ளே போய் என்ன செய்கிறோம் என்பது நம்ம கையில இல்லையா?

ஆக்ஸ்போர்டின் 'ப்ளூ'

ஜெய்பால் செயின்ட் ஜான்ஸில் சேர்ந்தது 1922-ல். கல்லூரிக்குள் அவர் சும்மா இருந்த நாளே இல்லை. விவாத மன்றத்தில் பேசினார், அதன் தலைவராகவும் ஆனார். ஆசிய மாணவர்கள் சேர்ந்து விளையாட ஒரு சங்கம் தொடங்கினார். 1926-ல் பொருளாதாரத்தில் ஹானர்ஸ் முடித்தார். இதற்கெல்லாம் நடுவில் ஹாக்கி.

ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் 'ப்ளூ' என்று ஒரு கௌரவம் உண்டு. ரெண்டு பல்கலைக்கழகங்களும் வருஷா வருஷம் மோதிக்கொள்ளும் ஆட்டத்தில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடும் வீரருக்குக் கிடைப்பது. ஆக்ஸ்போர்டு அடர்நீலம், கேம்பிரிட்ஜ் வெளிர்நீலம். அந்த நீல நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வளாகத்தில் நடந்தால் கிடைக்கிற மரியாதையே தனி. ஹாக்கியில் ஆக்ஸ்போர்டு ப்ளூ வாங்கிய முதல் இந்திய மாணவர் ஜெய்பால்தான். இந்தியாவை பிரிட்டன் ஆண்ட காலம் என்பதை மறந்துடாதீங்க.

அவர் ஆடியது ஃபுல்பேக் இடத்தில். அன்றைய ஹாக்கியில் முன்னால் ஐந்து பேர் தாக்குவார்கள், நடுவில் மூன்று பேர், கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டே இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவர் தடுமாறினால் பின்னால் கோல்கீப்பர் தனி ஆள். கோல் போடுகிறவருக்குக் கிடைக்கும் கைத்தட்டல் இந்த இடத்தில் ஆடுகிறவருக்குக் கிடைக்காது. ஆனால், ஆட்டம் முழுவதையும் பின்னால் நின்று பார்ப்பவர் அவர்தான். ஜெய்பாலின் பாணி பற்றி மூன்று விஷயங்கள் சொல்வார்கள். எதிராளியின் உடம்பில் படாமல் பந்தை மட்டும் பறிக்கும் சுத்தமான டேக்கிள், பதற்றமில்லாத மூளை, பறித்த பந்தைச் சரியான ஆளுக்குப் போகிற மாதிரி பலமாக அடிக்கும் அடி. இங்கிலாந்துப் பத்திரிகைகளில் ஹாக்கி பற்றிக் கட்டுரைகளும் எழுதினார்.

அந்த ஒரு லீவு லெட்டர்

பட்டம் முடிந்தது. அடுத்து ஐ.சி.எஸ். இன்றைய ஐ.ஏ.எஸ்ஸின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாவட்டத்தையே கையில் கொடுத்துவிடும் வேலை. வாழ்நாள் முழுக்க சம்பளம், ஓய்வூதியம், அதிகாரம், பங்களா. ஜெய்பால் அதற்குத் தேர்வாகி, ஆக்ஸ்போர்டிலேயே பயிற்சியில் இருந்தார்.

அப்போதுதான் 1928 வந்தது. இந்திய ஹாக்கி சம்மேளனம் தொடங்கி மூன்றே வருஷம். முதன்முறையாக ஒலிம்பிக்குக்கு அணி அனுப்பப் போகிறார்கள். பம்பாயிலிருந்து அணி கப்பல் ஏறியபோது துறைமுகத்தில் வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர் என்பது ஹாக்கி வரலாற்றில் பிரபலமான தகவல். யாருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. அணிக்கு கேப்டனாக, ஏற்கெனவே இங்கிலாந்தில் இருந்த ஜெய்பாலைக் கேட்டார்கள்.

அவர் விடுப்பு கேட்டு விண்ணப்பித்தார். லண்டனில் இருந்த இந்தியா அலுவலகம் மறுத்துவிட்டது. பயிற்சிக் காலத்தில் விளையாடப் போகக் கூடாது என்பது அவர்கள் நிலை.

இப்போ உங்களை அந்த இடத்தில் வைத்துப் பாருங்க. வயசு 25. ஊரில் உங்கள் இனத்தில் யாரும் எட்டிப்பார்க்காத உயரத்து வேலை கைக்கு வந்துவிட்டது. இன்னொரு பக்கம், சம்பளமும் இல்லாத, ஜெயிக்குமா என்றும் தெரியாத ஓர் அணி. நீங்க என்ன செய்வீங்க?

ஜெய்பால் விடுப்பு இல்லாமலேயே ஆம்ஸ்டர்டாமுக்குக் கிளம்பினார்.

29 கோல்... பதிலுக்கு ஒன்றுகூட இல்லை!

மே மாதம் 17-ம் தேதி முதல் ஆட்டம். ஆஸ்திரியாவை 6-0 என வென்றது இந்தியா. அடுத்து பெல்ஜியம் 9-0. டென்மார்க் 5-0. சுவிட்சர்லாந்து 6-0. மே 26-ம் தேதி இறுதி ஆட்டத்தில் சொந்த மண்ணில் ஆடிய நெதர்லாந்தை 3-0. மொத்தம் ஐந்து ஆட்டம், 29 கோல். இந்தியா வாங்கிய கோல் பூஜ்யம்!

அந்த 29-ல் 14 கோல் தயான் சந்த் அடித்தவை. உலகம் அவர் பெயரைப் பிடித்துக்கொண்டது, அது நியாயமும்கூட. ஆனா அந்தப் பூஜ்யத்தையும் கொஞ்சம் பாருங்க. அதில் கோல்கீப்பர் ரிச்சர்ட் ஆலனுக்கும் அவருக்கு முன்னால் ஆடிய தடுப்பு வீரர்களுக்கும் பங்கு இருக்கிறது. தயான் சந்த் கோல் அடித்துக்கொண்டிருந்த அதே அணியில், பின்னால் யாரும் அசைய விடவில்லை.

ஆனால், இந்த வெற்றிக் கதையில் ஒரு கசப்பும் உண்டு. இறுதி ஆட்டத்தில் கேப்டன் ஜெய்பால் களத்தில் இல்லை. லீக் ஆட்டங்களில் அணியை வழிநடத்தியவர், நிர்வாகத்தோடு ஏற்பட்ட உரசலால் அணியிலிருந்து விலகினார். இறுதி ஆட்டத்தில் தலைமை ஏற்றவர் பின்னிகர். தங்கப் பதக்கம் கழுத்தில் ஏறும் நேரத்தில் கேப்டன் அங்கே இல்லை என்பது எவ்வளவு வலிக்கும் என்று விளையாட்டு ஆடியவர்களுக்குத் தெரியும்.

லண்டன் திரும்பினால் அங்கே அடுத்த அடி காத்திருந்தது. விடுப்பு இல்லாமல் போனதால் ஐ.சி.எஸ் பயிற்சியை இன்னொரு வருஷம் செய்ய வேண்டும் என்றார்கள். மன்னிப்புக் கேட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தால் கலெக்டர் ஆகியிருக்கலாம். ஜெய்பால் ராஜினாமா செய்தார்.

வேலைகள் பல, தேடல் ஒன்று

அதன் பிறகு பத்து வருஷம் அவர் வாழ்க்கை ஓரிடத்தில் நிற்கவில்லை. பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில், அதுவரை வெள்ளைக்காரர்களே இருந்துவந்த உயர் பதவியில் சேர்ந்தார். கல்கத்தாவில் மோகன் பகான் கிளப்புக்கு 1929-ல் ஹாக்கி அணி அமைத்துக் கொடுத்து, தானே தலைமை தாங்கி ஆடினார். பிறகு ஆசிரியர் வேலை அவரை ஆப்பிரிக்காவுக்கு இழுத்தது. அன்று கோல்டு கோஸ்ட், இன்று கானா. அங்கே அச்சிமோட்டா கல்லூரியில் பாடம் நடத்தினார். 1937-ல் இந்தியா திரும்பி ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரியில் பொறுப்பேற்றார். குட்டி சமஸ்தான இளவரசர்கள் படிக்கும் கல்லூரி அது. அதற்கடுத்து பிகானீர் சமஸ்தானத்தில் உயர் அதிகாரி.

ரெஸ்யூமே பார்த்தால் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனா சொந்த ஊர்? டக்ராவும் குந்தியும் அப்படியேதான் இருந்தன. நிலம் கைமாறிக்கொண்டிருந்தது. சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் வந்தன, வேலையும் லாபமும் வெளியாட்களுக்குப் போயின. பழங்குடி மக்கள் தங்கள் காட்டிலேயே கூலிகள் ஆனார்கள்.

1938-ல் சோட்டாநாக்பூர் பழங்குடி அமைப்புகள் ஒன்றாகி ஆதிவாசி மகாசபை உருவானது. தலைமை தாங்க ஒரு ஆள் வேண்டும். ராஞ்சிக்கு வந்த ஜெய்பாலிடம் கேட்டார்கள். 1939 ஜனவரியில் அவர் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கோட் சூட் போட்ட ஆக்ஸ்போர்டுக்காரர், ராஞ்சி மைதானத்தில் திரண்ட கூட்டத்துக்கு முன் நின்றார். அந்த மக்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் 'மராங் கோம்கே'. முண்டாரி மொழியில் மாபெரும் தலைவர் என்று அர்த்தம்.

அரசியல் நிர்ணய சபையில் ஒரு ஃபுல்பேக்

ஜெய்பாலின் வாழ்க்கையில் மிக முக்கியமான ஆட்டம் எதுன்னு கேட்டா, ஆம்ஸ்டர்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். டெல்லி என்றுதான் சொல்வேன்.

இந்தியாவுக்கான அரசியலமைப்பை எழுத 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை கூடியது. சுதந்திர இந்தியா எப்படி இருக்க வேண்டும் என்ற குறிக்கோள் தீர்மானத்தை நேரு முன்வைத்தார். அதன் மீது டிசம்பர் 19-ம் தேதி ஜெய்பால் எழுந்து பேசினார். தன்னைக் காட்டுவாசி என்றுதான் இந்த நாடு அழைக்கிறது, அந்தப் பெயரில் தனக்குப் பெருமைதான் என்று தொடங்கினார். சிந்து சமவெளியின் பிள்ளைகள் நாங்கள், பிறகு வந்தவர்கள்தான் எங்களைக் காட்டுக்குள் துரத்தினார்கள் என்றார். பழங்குடி மக்களுக்கு ஜனநாயகத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம், அதை அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். இத்தனை கோபத்தையும் சொல்லிவிட்டு, நேருவின் வார்த்தையை நம்புகிறேன், புதிய இந்தியாவில் சமமாக நடத்தப்படுவோம் என்று நம்பி ஆதரிக்கிறேன் என்றும் சொன்னார்.

சபையில் ஏன் பழங்குடிப் பெண்கள் இல்லை என்று கேட்டவரும் அவர்தான். மதுவிலக்கைக் கொள்கையாக எழுதியபோது, அரிசியில் காய்ச்சும் பானம் எங்கள் வழிபாட்டோடும் வயல் வேலையோடும் கலந்தது, எங்களைக் கேட்காமல் அதைத் தடை செய்யலாமா என்று வாதிட்டார்.

இன்னொரு சண்டை ஒரு சொல்லுக்காக. ஆதிவாசி என்ற சொல்லே அரசியலமைப்பில் இருக்க வேண்டும் என்றார் ஜெய்பால். ஆதிவாசி என்றால் முதல் குடி. இந்த மண்ணில் யார் முதலில் இருந்தார்கள் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடும். அம்பேத்கரோ, அது பொதுச்சொல், சட்டப்படி திட்டவட்டமான பொருள் இல்லை, பட்டியலிட்டால்தான் உரிமை தர முடியும் என்றார். கடைசியில் நின்றது பட்டியல் பழங்குடி என்ற பெயர். ஜெய்பால் கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. ஆனால், அவர் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் அந்தக் கேள்விகள் சபைக் குறிப்பில் ஏறியே இருக்காது.

சேவல் சின்னம், 32 இடங்கள்

அவருடைய பெரிய கனவு, பழங்குடி மக்களுக்கென்று ஜார்க்கண்ட் என்ற தனி மாநிலம். அந்தக் கனவுக்கு மக்கள் ரத்தமும் கொடுத்திருக்கிறார்கள். 1948 ஜனவரி 1-ம் தேதி, கர்சாவான் என்ற ஊரைத் தங்களைக் கேட்காமல் ஒடிசாவோடு சேர்த்ததை எதிர்த்து ஆயிரக்கணக்கான பழங்குடி மக்கள் சந்தைத் திடலில் கூடினார்கள். ஜெய்பால் பேச வருகிறார் என்று நம்பி வெகுதூரம் நடந்து வந்தவர்கள் பலர். அவர் அன்று வரவில்லை. ஒடிசா போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. அரசு சொன்ன கணக்கைவிட இறந்தவர்கள் பல மடங்கு அதிகம் என்று அந்தப் பகுதி மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அங்கே ஒவ்வொரு புத்தாண்டும் துக்க நாள்தான்.

1950-ல் மகாசபை ஜார்க்கண்ட் கட்சியாக மாறியது. சின்னம் சேவல். 1952 முதல் பொதுத்தேர்தலில் பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களைப் பிடித்து முக்கிய எதிர்க்கட்சி ஆனது. ஜெய்பால் மக்களவைக்குப் போனார். அதிலிருந்து இறக்கும் வரை தொடர்ந்து நான்கு தேர்தல்களில் அவர்தான் எம்.பி.

ஆனா, 1955-ல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் ஜார்க்கண்ட் கோரிக்கையை நிராகரித்தது. அந்தப் பகுதியில் பழங்குடி மக்கள் பெரும்பான்மை இல்லை, ஒரே மொழி இல்லை, பிரித்தால் பீகாரின் பொருளாதாரம் பாதிக்கும் என்பவை காரணங்கள். கட்சி மெல்லச் சரிந்தது. 1962 தேர்தலில் 20 இடங்கள்தான்.

அடுத்த வருஷம் ஜெய்பால் ஒரு முடிவெடுத்தார். கட்சியைக் காங்கிரஸோடு இணைத்துவிட்டார். பீகார் முதல்வராக இருந்த வினோதானந்த் ஜாவோடு பேசி நடந்த இணைப்பு அது. அதே 1963-ல் நம்ம காமராஜர் போட்ட 'கே பிளான்' ஞாபகம் இருக்கா? மூத்த தலைவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சிப் பணிக்குப் போக வேண்டும் என்ற திட்டம். அதில் பதவி விலகிய முதல்வர்களில் இந்த ஜாவும் ஒருவர். யாரை நம்பி இணைத்தாரோ, அவரே சில மாதங்களில் நாற்காலியில் இல்லை. தனி மாநிலமும் வரவில்லை.

ஊரில் பலர் இதை துரோகம் என்றார்கள். உள்ளே போய் வாதாடினால் வேலை நடக்கும் என்று அவர் நம்பியிருக்கலாம். எப்படியோ, சேவல் சின்னத்துக்காக ஓட்டுப் போட்ட மக்களுக்கு அது பெரிய ஏமாற்றம். இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு அவரை வெறும் ஹீரோவாக மட்டும் காட்டினால், அது அவருக்கும் அந்த மக்களுக்கும் செய்யும் அநியாயம்.

1970 மார்ச் 20-ம் தேதி டெல்லியில் மூளை ரத்தக்கசிவால் ஜெய்பால் இறந்தார். வயது 67. அவர் எழுதிவைத்த சுயசரிதை, இறந்து 30 வருஷத்துக்கு மேல் கழித்து 2004-ல்தான் புத்தகமாக வந்தது.

அவர் விட்டுப்போனது

2000-வது ஆண்டு நவம்பர் 15-ம் தேதி, பிர்சா முண்டாவின் பிறந்தநாளில், ஜார்க்கண்ட் தனி மாநிலம் ஆனது. ராஞ்சியில் ஜெய்பால் பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது. ஆனால், அவரைத் தேட வேண்டிய இடம் அது மட்டும் இல்லை.

குந்தி, சிம்டேகா மாவட்டங்களுக்குப் போனால், மூங்கிலையும் மரக்கிளையையும் வளைத்து மட்டையாக்கி ஆடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அங்கே நடக்கும் கிராமத்து ஹாக்கிப் போட்டிகளில் பரிசு கோப்பை கிடையாது, ஆடு! ஜெயித்த ஊர் அன்று விருந்து சாப்பிடும். 1975 உலகக்கோப்பையை வென்ற அணியில் ஆடிய மைக்கேல் கிண்டோ, 1980 ஒலிம்பிக் தங்கம் வென்ற சில்வானஸ் டுங் டுங் இருவருமே சிம்டேகா மண்ணைச் சேர்ந்தவர்கள். ஜெய்பால் பிறந்த அதே குந்தியிலிருந்து வந்தவர் நிக்கி பிரதான். 2016 ரியோவில் ஆடியபோது, ஒலிம்பிக் ஹாக்கியில் விளையாடிய முதல் ஜார்க்கண்ட் பெண் ஆனார். அரசியல் நிர்ணய சபையில் எங்கள் பெண்கள் எங்கே என்று கேட்டவரின் ஊர்க்காரப் பெண்.

அடுத்த முறை இந்திய அணி களமிறங்கும்போது கோல் அடிப்பவரை மட்டும் பார்க்காதீங்க. பின்னால் நின்று பந்தைப் பறிப்பவர் யாருன்னும் ஒரு பார்வை பாருங்க. நம்ம முதல் தங்கத்தின் கேப்டன் நின்ற இடம் அதுதான்.